வியட்நாம் வரைக்கும் போன மச்சான் வீட்டுச் சப்பாத்தி

என் ரத்தத்தில் கொழுப்பை ஏற்றியவர் என் மச்சான் குமரவேல். ஆட்டுக்கறி இல்லை, இறால் இல்லை, என் நாக்கும் இல்லை. என் மனைவி வசந்தாவின் கூடப்பிறந்த தம்பி, சிதம்பரம் அண்ணாமலை நகரில் குடியிருக்கும் குமரவேல்தான். இதை நான் கண்டுபிடித்தது வியட்நாமில், ஒரு இறால் பண்ணைக்காரர் வீட்டுத் தரையில் உட்கார்ந்து சாப்பிடும்போது.

எனக்குக் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில், எரிந்த மோட்டாருக்குச் செப்புக்கம்பி சுற்றிக் காயில் கட்டும் பட்டறை. வாரத்தில் நான்கு நாள் சிதம்பரத்தைத் தாண்டிக் கிள்ளைப் பக்கம் போய்விடுவேன். அங்கே இறால் குளங்களில் சக்கரம் சுழன்று தண்ணீரை அடித்துக் காற்றேற்றும் மிஷின்கள் இருக்கின்றன. ஏரியேட்டர் என்பார்கள். அதன் மோட்டார் எரிந்தால் இறால் செத்துவிடும். அதனால் என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள்.

போன வருஷம் ரத்தம் கொடுத்துப் பார்த்ததில் கெட்ட கொழுப்பு ஜாஸ்தி என்று வந்தது. டாக்டர் மூன்று மாதம் சாப்பாட்டை மாற்றச் சொன்னார். குறையவில்லை என்றால் மாத்திரை.

எங்கள் குடும்பத்தில் டயட் என்றால் ஒன்றுதான் தெரியும். சுகர். வீட்டுக்கு இரண்டு பேருக்குச் சுகர் இருப்பதால், யாருக்கு என்ன வியாதி வந்தாலும் முதலில் சோற்றை நிறுத்துவார்கள், அதற்குப் பதில் சப்பாத்தி. எனக்கும் அதேதான் நடந்தது. வசந்தா இட்லியை நிறுத்தினாள், சோற்றை நிறுத்தினாள். குமரவேல் பொறுப்பெடுத்துக்கொண்டார். அவர் இருபது வருஷம் ஒரு தனியார் மாணவர் லாட்ஜில் மெஸ் பார்த்தவர். இப்போது வீட்டிலேயே ‘டயட் சப்பாத்தி’ போட்டு அண்ணாமலை நகரில் வீடு வீடாகக் கொடுக்கிறார். ரிட்டயர்டு ஆனவர்கள்தான் அதிகம் வாங்குகிறார்கள். கிள்ளை வேலைக்குப் போகும் நாளெல்லாம் எனக்கு மதியச் சாப்பாடு அவர் கொடுக்கும் டிபன் கேரியர். ஞாயிற்றுக்கிழமை கடலூருக்கும் ஒரு கட்டு வந்துவிடும். ஒரு நாளைக்கு எட்டுச் சப்பாத்தி தின்றேன். கறியை விட்டேன். முட்டையில் மஞ்சளை விட்டேன். பண்ருட்டிக்காரர் ஒருவர் கொடுத்த முந்திரியைக்கூட பட்டறையில் வேலை செய்பவர்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டேன்.

மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் முன்னைவிட ஏறியிருந்தது.

டாக்டர் மாத்திரை எழுதிக்கொண்டே, வெளியில் ஏதும் சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் வசந்தாவைப் பார்த்தார். வசந்தா என்னைப் பார்த்தாள். அன்றிலிருந்து நான் கிள்ளையிலிருந்து திரும்பினால் அவள் ஒன்றும் கேட்பதில்லை. துவைக்கப் போடும் சட்டையை எடுத்து மோந்து பார்க்கிறாள். முப்பது வருஷம் குடித்தனம் நடத்தியவன் சட்டையை மோந்து பார்க்கிறாள்.

அடுத்த வாரம் புவனகிரியில் சொந்தக்காரப் பெண்ணுக்கு வளைகாப்பு. சமையல் பொறுப்பு குமரவேலுக்கு. பந்திக்குக் கூப்பிட மைக் வைத்திருந்தார். நான் இலையில் உட்கார்ந்ததும் மைக்கில் சொன்னார்: “எங்க மாமாவுக்கு நெய் ஊத்தாதீங்க. அவுரு கொழுப்பக் கொறைக்கிறாரு. கிள்ளைக்குப் போனா மட்டும் திரும்ப ஏத்திக்குவாரு.”

மண்டபமே சிரித்தது. வசந்தா சிரிக்கவில்லை. அவள் சிரித்திருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

இந்த நிலைமையில்தான் பயணம் வந்தது. கிள்ளையில் பண்ணை வைத்திருக்கும் அந்தோணி, வியட்நாமில் ஒரே மோட்டாரில் நீளமான இரும்புக் கம்பி போட்டு வரிசையாகச் சக்கரங்களை ஓட்டுகிறார்களாம், நேரில் பார்க்க வேண்டும், நீங்களும் வாங்கண்ணே என்றார். கிளம்பும் நாள் காலையில் குமரவேல் சிதம்பரத்திலிருந்து பஸ் பிடித்து வந்து நின்றார். கையில் வெள்ளித்தாளில் சுற்றிய நாற்பது சப்பாத்தி.

“போற எடத்துல என்னத்தயாவது போடுவானுங்க மாமா. இது அஞ்சு நாள் தாங்கும். எண்ணெ ஒரு சொட்டு கெடையாது. காஞ்ச கல்லுல போட்டது.”

மைக்கில் பேசியதை அந்த நிமிஷம் மன்னித்துவிட்டேன். எனக்குக் கோபம் வருவதும் சீக்கிரம், போவதும் சீக்கிரம்.

முதல் நாள் சைகான். ரோட்டில் மோட்டார் சைக்கிள்கள் வெள்ளம் மாதிரி வருகின்றன. கடலூர் லாரன்ஸ் ரோட்டில் பொங்கலுக்கு முதல் நாள் சாயங்காலம் எப்படி இருக்குமோ, அது அங்கே தினமும். ஆனால் ஹாரன் சத்தம் குறைவு. நிற்காமல் மெதுவாக நடந்தால் அவர்களே விலகிப் போகிறார்கள். எங்களுக்கு மொழிபெயர்க்க வந்த பெண் லான், என் கையைப் பிடித்து எதிர்ப்பக்கம் கொண்டுபோய் விட்டாள்.

காலைச் சாப்பாடு அரிசிச் சேவை போட்ட கோழி சூப். ஒரு கூடை நிறையப் பச்சை இலை தனியாக வைத்தார்கள். புதினா, முளைகட்டிய பயறு, சீவிய வாழைப்பூ, பெயர் தெரியாத தழைகள். ஆட்டுக்குப் போடுற மாதிரி போடுறாங்களே என்றார் அந்தோணி. பக்கத்து மேஜைக்காரர் ஏதோ கேட்க, கடைக்கார அம்மா சின்னக் கிண்ணத்தில் மஞ்சளாக ஒன்றை ஊற்றிக் கொடுத்தார். அது என்ன என்று லானிடம் கேட்டேன். கொழுப்பாம். சூப்புக்கு மேலே மிதப்பதை எடுத்துத் தனியாக வைத்திருப்பார்களாம். வேண்டும் என்று கேட்டவர்களுக்குத்தான் கொடுப்பார்களாம்.

நான் சூப்பை வைத்துவிட்டு யோசித்தேன். அங்கே கொழுப்பைக் கேட்டவனுக்குக் கொடுக்கிறார்கள். நம் ஊரில் வேண்டாம் என்று இலைமேல் கையைக் குறுக்கே வைத்தவனுக்கு விரலிடுக்கில் ஊற்றுகிறார்கள். ஊற்றவில்லை என்றால் மரியாதை இல்லை.

சூப் நன்றாக இருந்தது. ஆனாலும் மச்சானின் சப்பாத்தி இருக்கும்போது வேறு எதற்கு என்று ஓட்டலுக்கு வந்து நான்கு தின்றேன். மீதியை அறையிலிருந்த பிரிட்ஜில் வைத்தேன்.

மறுநாள் காலையில் எடுத்தால் சப்பாத்திமேல் வெள்ளை வெள்ளையாகத் திட்டு. பூசணமோ என்று அந்தோணியிடம் காட்டினேன். தேய்க்கும்போது தூவிய மாவு, தின்னுங்கண்ணே என்றார். தின்றேன். முப்பத்தைந்து வருஷம் மோட்டாருக்குக் கிரீஸ் வைக்கிறவன் அதைப் பார்த்து மாவு என்று நம்பினேன். அதற்காக என்னையும் நாலு வார்த்தை திட்டிக்கொள்கிறேன்.

அன்றைக்குத் தெற்கே பாக் லியூ என்ற ஊருக்குப் பஸ். எல்லாம் படுக்கை. ஏறும்போதே செருப்பைக் கழற்றிப் பையில் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். வழியில் நிறுத்தும் இடத்தில் இறங்கினால் பொதுவாக வைத்திருக்கும் பிளாஸ்டிக் செருப்பைப் போட்டுக்கொண்டு போக வேண்டும். பத்து பஸ் நிற்கிறது, பத்தும் ஒரே நிறம். நான் கழிப்பறை போய்விட்டு வந்து என் பஸ் என்று நினைத்து வேறொன்றில் ஏறிப் படுத்துவிட்டேன். கிளம்பிக் கொஞ்ச தூரம் போனதும் நான் படுத்திருந்த இடத்துக்குச் சீட்டு வாங்கியவர் வந்து என்னைத் தட்டி எழுப்பினார். செருப்பு, சப்பாத்தி, அந்தோணி, லான் எல்லாம் இன்னொரு பஸ்ஸில்.

கண்டக்டர் மாதிரி இருந்தவர் நான் காட்டிய லானின் நம்பருக்குப் போன் செய்தார். கத்தவில்லை. நம் ஊராக இருந்தால் படிச்சவந்தானய்யா நீ என்று ஆரம்பித்திருப்பார்கள். அவர் என்னை ஒரு கடை வாசலில் இறக்கி, கடைக்காரரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். அந்தக் கடையில் நாற்காலி கிடையாது, வரிசையாக ஊஞ்சல் வலை கட்டியிருந்தார்கள். படுத்துக்கொண்டே காப்பி குடிக்கலாம். கெட்டிப்பால் ஊற்ற வந்தார், கையைக் காட்டி நிறுத்தினேன். நிறுத்திவிட்டார். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. வேகவைத்த மக்காச்சோளமும் வேர்க்கடலையும் கொடுத்தார்கள். ஊஞ்சலில் ஆடிக்கொண்டே இரண்டு சோளம் தின்றேன். பல மாதத்துக்குப் பிறகு ஒரு சாப்பாட்டை யாருக்கும் பதில் சொல்லாமல் சாப்பிட்டேன். லான் ஆட்டோ மாதிரி ஒன்றைப் பிடித்து வந்து சேரும்போது நான் தூங்கியே போயிருந்தேன்.

மூன்றாம் நாள் பண்ணை. மோட்டார் விஷயம் அந்தோணி சொன்னது சரிதான். ஒரு மோட்டார், நீளமான கம்பி, பன்னிரண்டு சக்கரம். கிள்ளையில் சக்கரத்துக்கு ஒன்று என்று மோட்டார் வைத்து என்னை வாழவைக்கிறார்கள். இதை ஊரில் போட்டால் எனக்குப் பாதி வேலை போய்விடும் என்று அந்தோணியிடமே சொன்னேன். அதனாலதான் உங்களையே கூட்டியாந்தேன், நீங்களே போட்டுக் குடுங்க என்றார்.

பண்ணைக்காரரின் மனைவி ஹோவா. ஐம்பது வயதிருக்கும். மதியம் வேகவைத்த கோழி வைத்தார். நான் தோலை உரித்து ஓரமாக ஒதுக்கினேன். ஏன் என்று லான் மூலம் கேட்டார். கொழுப்பு என்று நெஞ்சைத் தட்டிக் காட்டினேன். புரிந்தது என்று தலையாட்டினார்.

நான்காம் நாள் அவர் எனக்காகவே ஒரு சமையல் செய்தார். வயலில் பிடித்த விரால் மீன். நம்ம வீராணம் ஏரி விரால் மாதிரியே இருந்தது. மசாலா இல்லை, எண்ணெய் இல்லை. குச்சியில் குத்தி நிறுத்தி, மேலே வைக்கோலைக் குவித்துக் கொளுத்தினார். கருகிய தோலைச் சுரண்டியதும் உள்ளே வெள்ளையாக மீன். மெல்லிய அரிசித் தாளைத் தண்ணீரில் நனைத்து, அதில் மீனையும் ஒரு கைப்பிடித் தழையையும் வைத்துச் சுருட்டி, புளிக் கரைசலில் தொட்டுத் தின்ன வேண்டும். ஒரு வாய் தின்றேன். டயட் என்றால் தண்டனை என்று நினைத்திருந்தேன். அந்த நினைப்பு அங்கேயே போய்விட்டது. கடலூர் துறைமுகத்தில் வாங்கும் மத்தி மீனை நாம் எண்ணெயில் முக்கி எடுப்பதற்கு முன்னால் ஒருமுறை யோசிக்கலாம்.

இவ்வளவு செய்தவருக்கு நாமும் ஏதாவது கொடுக்க வேண்டாமா. மீதியிருந்த சப்பாத்தியை எடுத்து, எங்கள் ஊர் டயட் சாப்பாடு, என் மச்சான் எனக்காகவே செய்தது என்று பெருமையாக நீட்டினேன்.

ஹோவா ஒன்றை எடுத்து அரிசித் தாள் மாதிரி மீனை வைத்துச் சுருட்டப் பார்த்தார். நிறுத்தினார். விரலைத் தேய்த்துப் பார்த்தார். சுவரில் மாட்டியிருந்த நாள்காட்டியில் ஒரு தாளைக் கிழித்து, அதன்மேல் சப்பாத்தியை வைத்து உள்ளங்கையால் அழுத்தினார். எடுத்துவிட்டுத் தாளை ஜன்னல் பக்கம் பிடித்தார். நடுவில் வட்டமாக வெளிச்சம் தெரிந்தது. அந்தப் பக்கம் குளத்தில் சக்கரம் சுற்றுவதுகூட மங்கலாகத் தெரிந்தது.

அவர் ஏதோ சொன்னார். அவர் கணவர் சிரித்துவிட்டார். லான் மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள். என்ன சொன்னாலும் சொல்லு என்றேன். சொன்னாள்.

“இதைச் சாப்பிடுறவர் எதுக்குக் கோழித் தோலை உரிச்சார்னு கேக்கறாங்க.”

அந்தோணியும் சிரிக்கவில்லை. நான் பிரிட்ஜில் பார்த்த வெள்ளைத் திட்டை நினைத்தேன். தங்கியிருந்த இடத்துக்கு வந்ததும் அங்கிருந்த பிரிட்ஜில் ஒரு சப்பாத்தியை வைத்தேன். சாயங்காலம் எடுத்து பிளேடால் சுரண்டினேன். இரண்டு விரலுக்கு நடுவே வைத்துத் தேய்த்தேன். மாவு உதிரும். இது உதிரவில்லை, வழுக்கியது. பேரிங்குக்குள் வைக்கலாம் போல இருந்தது.

குமரவேலுக்கு வீடியோவில் போன் போட்டேன். அவர் அப்போது மாவு பிசைந்துகொண்டுதான் இருந்தார்.

“என்னா மாமா, எல்லாம் தீந்துட்சா?”

சப்பாத்தியில் எண்ணெய் இருக்கிறதே என்றேன்.

“எண்ணெயா? சத்தியமா ஒரு சொட்டு ஊத்தல மாமா. கல்லப் பாருங்க, காஞ்சு கெடக்குது.” கல்லைக் காட்டினார். காய்ந்துதான் கிடந்தது.

“மாவுல?”

மாவைப் பிசைந்துகொண்டே சாதாரணமாகச் சொன்னார்: “மாவுல டால்டா போடாம எப்பிடி மாமா அஞ்சு நாளு மெதுவா இருக்கும்? மெஸ்ல இருவது வருஷம் அப்பிடித்தான் பெசஞ்சேன்.”

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரிந்தது. முகத்தில் பார்த்தேன். டவர் கெடைக்கல என்று கட் செய்துவிட்டார்.

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் இதில் கொடுமை. முந்நூறு பையன்களுக்குக் காலையில் போட்ட சப்பாத்தி சாயங்காலம்வரை மெதுவாக இருக்க வேண்டும். அதற்குக் கற்ற தொழில். கல்லில் ஊற்றுவதுதான் அவர் கணக்கில் எண்ணெய். மாவுக்குள் போவது பக்குவம். என்னைக் கொல்லப் பார்த்தார் என்று நான் சொல்லவே இல்லை. பாசமாக, பஸ் பிடித்து வந்து, டால்டா கொடுத்தார்.

ஐந்தாம் நாளும் ஆறாம் நாளும் சந்தோஷமாகச் சாப்பிட்டேன். காலையில் அரிசிக் கஞ்சி, மதியம் புளியும் அன்னாசியும் போட்ட மீன் ரசம், எல்லாவற்றோடும் தழை. நம்ம வள்ளைக்கீரையைப் பூண்டு போட்டுச் சமைத்து வைத்தார்கள். அதில் எண்ணெய் மிதந்தது, சொன்னதும் மறுநாள் வேகவைத்துக் கொடுத்தார்கள். ஒரு நாள் எண்ணெயில் பொரித்த பலகாரம் இரண்டு தின்றேன், மறைக்கவில்லை. மாத்திரையை ஒருநாளும் விடவில்லை. கிளம்பும்போது அந்த நாள்காட்டித் தாளைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஹோவா சிரித்துக்கொண்டே மடித்துக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் தாளை வசந்தாவிடம் கொடுத்தேன். ஜன்னலில் பிடித்துப் பார்த்தாள். நடந்ததைச் சொன்னேன். அவள் உடனே தம்பிக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

“டால்டாவா? என்னாக்கா நீ, மாமா அங்க என்னத்த தின்னாரோ, பழிய எம்மேல போடறாரு.”

என்னிடம் ஒன்று சொன்னார், அக்காவிடம் ஒன்று சொன்னார். அக்காவிடம் சொன்னது பொய். வசந்தா போனை வைத்துவிட்டு, “அவன் என் தம்பி, நீங்க என் வூட்டுக்காரரு. நான் யாரன்னு நம்புறது?” என்றாள்.

ஆனால் மறுநாளிலிருந்து சப்பாத்திக் கட்டு வருவது நின்றது. யார் நிறுத்தினார்கள் என்று நான் கேட்கவில்லை. அவள் அளவாகச் சோறு வைத்தாள், பக்கத்தில் தட்டு நிறையக் கீரை. கொள்ளு ரசம், மத்தி மீன் குழம்பு, சுண்டல், கொய்யா. சிதம்பரம் போனால் கத்தரிக்காய்க் கொத்சு உண்டு, எண்ணெய் மிதக்காமல் நானே ஒரு வீட்டில் சொல்லிவைத்துச் சாப்பிடுகிறேன். காலையில் இரண்டு பேரும் சில்வர் பீச்சில் நடக்கிறோம். நன்றாகத்தான் இருக்கிறது. ஊரில் இருந்துகொண்டே வியட்நாம் சாப்பாடு சாப்பிடலாம், தழை வாங்க மார்க்கெட் போனால் போதும்.

இரண்டு மாதம் கழித்து ரத்தம் பார்த்தோம். கொழுப்பு நன்றாக இறங்கியிருந்தது. மாத்திரையும் வேலை செய்திருக்கிறது, தட்டும் வேலை செய்திருக்கிறது, இரண்டையும் விடாதீர்கள் என்றார் டாக்டர். மாத்திரைக்கு உரிய பெருமையை நான் திருடவில்லை. ஆனால் குமரவேல் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில், பாத்தீங்களா, மாத்திரைதான் கொறைச்சுது, சப்பாத்தி மேல தப்பில்ல என்று போட்டார். நான் எழுதிய பதிலை டெலிட் செய்தார். குரூப் அட்மின் அவர்தான். அதனால்தான் இதைப் பத்திரிகைக்கு எழுதுகிறேன். இதை அவரால் டெலிட் செய்ய முடியாது.

வசந்தா இன்னும் என் சட்டையை மோந்துதான் துவைக்கிறாள். பழக்கம் என்கிறாள். அண்ணாமலை நகரில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நடக்கும் பெரியவர்கள் இன்னும் டயட் சப்பாத்தி வாங்கித் தின்கிறார்கள். எனக்கு இருக்கும் கோபம் இந்த இரண்டுக்கும்தான்.

மச்சான், தை மாதம் சிதம்பரத்தில் உன் பேத்திக்குக் காது குத்து. தாய்மாமன் வீட்டாருக்கு அடுத்த வரிசையில் நானும் உன் அக்காவும் உட்கார்ந்திருப்போம். மைக் செட் என் பொறுப்பு, கரகர என்று கேட்காது. புவனகிரியில் என்னைப் பற்றி மைக்கில்தான் சொன்னாய். பதிலையும் நீ மைக்கில்தான் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் அப்புறம் நீ டால்டா இல்லாமல் அட்டை மாதிரி ஒரு சப்பாத்தி போட்டுக் கொடு, உன் பக்கத்தில் உட்கார்ந்து மென்று தின்கிறேன். அதற்கு முன்னால், உன் சப்பாத்தியை வாங்கும் வீட்டுக்காரர்கள் எல்லாரும் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது, உன் அக்காவின் முகத்தைப் பார்த்துச் சொல்: மாவில் என்ன போட்டுப் பிசைந்தாய்?